மேலே போகும் விமானத்துக்கு வழி சொல்லும் வேலைக்கு நம் மலையகப் பிள்ளை போகலாமா?

கணக்கு சேர், கொட்டகலை

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு பாடசாலையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். போன வாரம் காவிக் (வெக்டர்) கணக்கொன்று செய்துகொண்டிருந்தபோது வெளியே வானத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு விமானம் போனது. அதைக் காட்டி "இதன் சார்பு வேகம் என்ன" என்று சும்மா கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "சேர், அந்தப் பிளேனுக்கு இந்தப் பக்கமாகப் போ என்று யார் சொல்வது?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத் தெரிந்தது அரைகுறைதான், கட்டுநாயக்கவில் ஒரு கோபுரம் இருக்கிறது, அங்கே இருந்து சொல்வார்கள் என்றேன். "அவர்களுக்கு இங்கே வரைக்கும் கண் தெரியுமா?" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறார். நம் பக்கத்தில் விமானம் என்றால் ஒன்று விமானி, இல்லாவிட்டால் ஏர் ஹோஸ்டஸ், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. இப்போது அவள் அந்த வேலைக்குத்தான் போகவேண்டும் என்று நிற்கிறாள். என் கேள்வி இரண்டு. இதற்கு எப்படிப் போவது? அப்புறம், இவள் படித்து முடிக்கும்போது எல்லாவற்றையும் கம்பியூட்டரே செய்துவிடும், அந்த வேலையே இருக்காது என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார், அது உண்மையா?

பண்டாரவளை பொடியன்

சேர், கோபிக்காதீர்கள், ஸ்டாஃப் ரூம்காரர் சொன்னதுதான் சரி. கார் தானாக ஓடும் காலத்தில் மேலே சந்தியும் இல்லை, ட்ராஃபிக் லைட்டும் இல்லை, ஆடு மாடும் குறுக்கே வராது. அதைக் கம்பியூட்டரிடம் விட எவ்வளவு நேரமாகும்? பிள்ளையை நேரே கணினி விஞ்ஞானத்துக்கு அனுப்புங்கள். கொழும்புப் பிள்ளைகளுக்கே கிடைக்காத வேலைக்கு ஆசை காட்டி விடாதீர்கள்.

பழைய ஸ்டேஷன், நானுஓயா

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், விமானத்தில் ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன், அதுவும் மகன் டிக்கட் போட்டு. ஆனால் சேர் கேட்ட "கண் தெரியுமா" என்ற கேள்விக்கு எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எங்களுக்கும் கண் தெரியாது. றம்புக்கனையில் இருந்து பதுளை வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் சுரங்கம், வளைவு, பனி. அடுத்த ஸ்டேஷனில் என்ன நிற்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் டெப்லட் என்ற உலோகத் தகடு. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, மணி அடித்துக் கேட்டு, அந்தப் பக்கம் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் ஒரு டெப்லட் வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அதை வளையத்தில் போட்டு ட்ரைவரிடம் கொடுப்போம், அது கையில் இல்லாமல் கோச்சி நகராது. கோச்சியைப் பார்த்து அல்ல, அது எங்கே இருக்க முடியாது என்று தெரிந்துகொண்டு வேலை செய்தோம். விமானத்துக்கும் ஏதோ அந்த மாதிரித்தான் இருக்கவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஸ்ட்ரிப் அக்கா

ஐயா, கும்பிடுகிறேன். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு கிழமை எடுத்துச் சொன்னதை நீங்கள் ஒரே பந்தியில் முடித்துவிட்டீர்கள்.

நான் பதுளைப் பக்கம் பிறந்தவள், இப்போது வளைகுடாவில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தில் கொன்ட்ரோலர், சேர் கேட்ட அந்த வழி சொல்லும் வேலைதான். இடம் கேட்காதீர்கள். ராடர் இல்லாத வானத்தில் இன்றைக்கும் ஐயா சொன்ன முறைதான். விமானி "இந்தப் புள்ளியை இத்தனை மணிக்குக் கடந்தேன், இந்த உயரம், அடுத்த புள்ளிக்கு இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொல்வார். நாங்கள் அதை ஒரு காகிதத் துண்டில் எழுதி அடுக்குவோம், அதுதான் ஸ்ட்ரிப் (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்). ஒரே பாதையில், ஒரே உயரத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்று போனால் நடுவில் 10 நிமிடமோ 15 நிமிடமோ விடவேண்டும். மணிக்கு 900 கிலோமீற்றர் போகும் விமானத்துக்கு 10 நிமிடம் என்றால் 150 கிலோமீற்றர். ராடரில் தெரிந்தால் அதே இரண்டு விமானத்துக்கும் 5 கடல் மைல் போதும், ஒன்பது கிலோமீற்றரும் கொஞ்சமும். வானம் அதேதான், நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. நவீனமயம் என்று சொல்வதில் பாதி இதுதான்.

நம் கொழும்பு வலயம், அதாவது இலங்கை பார்த்துக்கொள்ளும் வான்பரப்பு, வெறும் இலங்கைத் தீவுக்கு மேலே மட்டும் இல்லை, தெற்கே சமுத்திரத்துக்குள் வெகுதூரம் போகிறது. கடலில் ராடர் நடமுடியாது. அங்கே விமானம் செய்மதி வழியாகத் தன் இடத்தைத் தானே அனுப்பும், கொன்ட்ரோலரும் விமானியும் குரலுக்குப் பதிலாக எழுத்துச் செய்தியில் பேசலாம்.

சேரின் மாணவிக்கு ஒரு தகவல்: பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில், விமானப் போக்குவரத்துக்கான ராடர் ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்கவில் இருப்பவர்களுக்கு இங்கே வரைக்கும் கண் தெரியுமா என்றுதானே கேட்டாள்? கண்ணே நம் மலையில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வழி. உயர்தரத்தில் கணிதம், பௌதிகவியல் நல்லது. ஆட்சேர்ப்பு விளம்பரம் எப்போதாவதுதான் வரும், அப்போது கேட்கப்படும் தகைமையை அந்த விளம்பரத்தில் பார்த்தே நம்புங்கள், நான் சேர்ந்த காலத்து விதியைச் சொல்லிக் குழப்ப விரும்பவில்லை. மாறாதவை சில உண்டு, அவை சர்வதேச விதிகள். உரிமம் பெற 21 வயது ஆகியிருக்கவேண்டும். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், கண், காது, மனநிலை எல்லாம் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காவது நிலை. அதற்குப் பிறகு கோபுரம், இறங்குபாதை (நிலையத்தை நெருங்கி இறங்க வருபவை), பெருவழி (நடுவானில் போகிறவை) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி, சிமியுலேட்டரில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அப்புறம் உண்மையான விமானங்களோடு, பின்னால் ஒருவர் நின்றுகொண்டு. எங்கள் தொகுதியில் கெட்டிக்காரக் கணக்குப் புலிகள் சிலர் அந்தக் கட்டத்தில்தான் விழுந்தார்கள். தலையில் கணக்கு ஓடும், வாயில் சொல் வராது.

நோட்டன் கிழவன்

ராடர், பனி, மலை என்று பேசுகிறீர்கள், ஆகவே சொல்கிறேன். 1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி தாண்டியிருக்கும். நான் அப்போது சின்னப் பையன். லயத்துக் கூரைத் தகரம் நடுங்கியது. முதலில் மண்சரிவு என்றுதான் நினைத்தோம். இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பில் இறங்கிப் போகவேண்டிய மார்ட்டின் எயார் டி.சி. 8 விமானம், ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. விடியற்காலையில் மேலே ஏறிப் போன பெரிய ஆட்கள் திரும்பி வந்து எதுவும் பேசவில்லை. என் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஏன் மோதியது என்று எனக்கு ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. விமானி குடித்திருந்தார், மலையில் காந்தம் இருக்கிறது, கன்னிமார் கோபம் என்று ஆளுக்கொரு கதை.

மூடுபனி

ஐயா, காந்தமும் இல்லை, குடியும் இல்லை. நான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வான் போக்குவரத்து முகாமைத்துவத்தில் ஆய்வு செய்கிறேன், சொந்த ஊர் லிந்துலை. விசாரணையில் வந்த முடிவு இதுதான்: விமானக் குழுவினர் தாங்கள் உண்மையில் இருந்ததைவிட விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருப்பதாக நினைத்தார்கள். விமானத்தில் இருந்த, எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணிக்கும் டொப்ளர் வழிகாட்டியையும் வானிலை ராடரையும் நம்பி இடத்தைக் கணித்திருக்கிறார்கள். சமவெளிக்கு மேலே இருக்கிறோம் என்று நினைத்து இறங்கினார்கள், கீழே மலை இருந்தது.

இதற்குச் சரியாக மூன்று நாளுக்கு முன், டிசம்பர் 1, அமெரிக்காவில் டி.டபிள்யு.ஏ. 514 என்ற விமானம் வொஷிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அங்கே பிரச்சினை ஒரு சொல். இறங்குபாதைக்கு அனுமதி என்று கொன்ட்ரோலர் சொன்னார். உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் பொறுப்பு என்பது அவர் எண்ணம். அவர் அனுமதி தந்துவிட்டார் என்றால் கீழே மலை இல்லை என்பது விமானியின் எண்ணம். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். அந்த விபத்துக்குப் பிறகுதான் தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. விமானிகளும் கொன்ட்ரோலர்களும் தங்கள் தவறுகளைப் பெயர் வெளிவராமல் எழுதி அனுப்பும் முறையை 1976இல் நாசா தொடங்கியதற்கும் அதுதான் தூண்டுதல். எங்கள் துறையின் ஆராய்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது, கண்டுபிடிப்பாளரின் மேசையில் அல்ல.

இப்போது பொடியன் தம்பிக்கு. கம்பியூட்டரிடம் விடலாம் என்கிறாய், பாதி விட்டாயிற்று. இரண்டு விமானம் நெருங்கப் போகின்றன என்று முன்கூட்டியே சொல்வது, இறங்கும் வரிசையைப் போடுவது எல்லாம் மென்பொருள்தான். ஆனால் 2023 ஓகஸ்ட் 28 பிரித்தானியாவில் என்ன நடந்தது தெரியுமா? லொஸ் ஏஞ்சலிஸில் இருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் டி.வி.எல். என்ற ஒரே குறியீடு இரண்டு இடத்துக்கு இருந்தது, ஒன்று அமெரிக்காவில் டெவில்ஸ் லேக், மற்றது பிரான்ஸில் டோவில். மென்பொருளுக்குக் குழப்பம். பிழையான திட்டத்தைக் கொன்ட்ரோலரிடம் கொடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று தானாக நின்றது. மாற்றாக இருந்த இரண்டாவது இயந்திரமும் அதே திட்டத்தைப் படித்து அதே போல் நின்றது. ஆட்கள் கையால் பதிய வேண்டியதாயிற்று, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து, தாமதம். நானுஓயா ஐயாவுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். சந்தேகம் வந்தால் டெப்லட்டைக் கொடுக்காதே என்பதைத்தான் அந்த மென்பொருள் செய்தது.

இன்னொன்று. ஆள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும், பிழை வந்தால் தலையிடலாம் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராடர்காரர்களை வைத்து எழுந்த கேள்விக்கு மெக்வொர்த் என்ற ஆய்வாளர் ஒரு கடிகார முள்ளை வைத்துப் பரிசோதனை செய்தார், 1948இல் வெளியிட்டார். அரை மணி நேரத்திலேயே கவனம் விழுந்துவிடுகிறது. எதுவும் நடக்காத திரையை மனிதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இன்றைய கேள்வி ஆளா இயந்திரமா என்பதல்ல. ஆளின் கையில் எந்த வேலையை மிச்சம் வைத்தால் அவர் விழித்திருப்பார் என்பது. என் ஆய்வே அதைச் சுற்றித்தான், அதனால் கொஞ்சம் கூடவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டன் கிழவன்

தம்பி, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆள் காரணம் சொல்லியிருக்கிறார். பேரனிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பண்டாரவளை பொடியன்

சரி, சரி, முழுக்கவும் கம்பியூட்டர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானம் தன் இடத்தைத் தானே சொல்கிறது என்றால் ஜி.பி.எஸ்ஸை யாராவது குழப்பிவிட்டால்? மற்றது, ஆராய்ச்சி எல்லாம் ஐரோப்பாவில், அமெரிக்காவில். வான் போக்குவரத்தை நவீனமாக்கும் திட்டத்துக்கு ஐரோப்பாக்காரன் செசார் என்கிறான், அமெரிக்காக்காரன் நெக்ஸ்ட்ஜென் என்றான், கோடிக்கணக்கில் கொட்டுகிறார்கள். கொட்டகலையில் லேப் அறைக்குப் பூட்டு இருக்கிறது, திறப்பு இல்லை.

ஸ்ட்ரிப் அக்கா

ஜி.பி.எஸ். குழப்பம் கற்பனை இல்லை தம்பி, எங்கள் பக்கத்தில் போர் நடக்கும் இடங்களை ஒட்டி அது அன்றாடத் தொல்லை. விமானம் நிற்காத இடத்தில் நிற்பதாகக் காட்டும். அதனால்தான் புதியது வந்தாலும் பழைய ராடரைக் கழற்றி எறிவதில்லை, தரையில் பல இடத்தில் வாங்கிகளை வைத்து, சமிக்ஞை வந்து சேரும் நேர வித்தியாசத்தில் இடத்தைக் கணிக்கும் முறையும் இருக்கிறது.

இயந்திரம் ஒன்று, ஆள் ஒன்று சொன்னால் யாரைக் கேட்பது என்பதற்கும் விலை கொடுத்துத்தான் விடை கண்டார்கள். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே இரண்டு விமானம் ஒரே உயரத்தில் குறுக்காக நெருங்கின. கொன்ட்ரோலர் ஒன்றைக் கீழே இறங்கச் சொன்னார், அதே விமானத்தில் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறு என்றது. விமானிகள் ஆளைக் கேட்டார்கள். மற்ற விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர், நிறையப் பிள்ளைகள். அன்று கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒருவர் இரண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், திருத்த வேலைக்காக ராடரின் எச்சரிக்கை வசதியும் தொலைபேசியும் முழுதாக இயங்கவில்லை. இப்போது விதி தெளிவு: கருவி சொன்னால் கருவியைக் கேள். நான் இரவுப் பணிக்குப் போகும்போது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

மூடுபனி

லேப் திறப்பு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் உண்மையில் எழுத வந்தது அதற்குத்தான்.

விமானங்கள் தங்கள் இடம், உயரம், வேகத்தைத் தரைக்கு ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. அதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர், 1090 மெகாஹேட்ஸ். பூட்டு இல்லை, சங்கேதம் இல்லை, யார் கேட்டாலும் கேட்கும் (பொடியன் சொன்ன பலவீனமும் இதில்தான் இருக்கிறது). கேட்பதற்கு டொங்கிள் மாதிரி ஒரு சின்ன வாங்கி, ஒரு அன்டெனா, பழைய கணினி போதும். நேர்ப்பார்வை இருக்கவேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. சேர், இது உங்கள் வகுப்புக்குக் கணக்கு: அன்டெனாவின் உயரத்துக்கும் விமானத்தின் உயரத்துக்கும் மீற்றரில் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீற்றரில் வரும். விமானம் 11,000 மீற்றர். கடற்கரையில் வைத்தால் கிட்டத்தட்ட 430. ஹப்புத்தளையில், 1,430 மீற்றரில் வைத்தால் 588. ஏட்டுக் கணக்குத்தான், நடைமுறையில் குறையும். ஆனாலும் ஹப்புத்தளையின் தெற்குப் பக்கம் அப்படியே கீழே விழுகிறது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, தெளிவான நாளில் கடலே தெரியும். கொட்டகலையில் வைத்தால் சுற்றி மலை, பாதி வானம் போய்விடும்.

மலையகம் என்றால் சிக்னல் இல்லாத இடம் என்று பழகிவிட்டோம். இதில் மட்டும் நாம் கொழும்பைவிட நல்ல இடத்தில் நிற்கிறோம்.

சேர்த்த தரவை என்ன செய்வது? 2012இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்கை என்ற வலையமைப்புக்குத் தன்னார்வலர்கள் இப்படித்தான் தரவு அனுப்புகிறார்கள், உலகத்தில் பாதி ஆய்வுக் கட்டுரைகள் அதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன என்று எனக்கு ஒரு பிரமை, நானே மூன்று எழுதியிருக்கிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் புளூஸ்கை என்று ஒரு வான் போக்குவரத்து சிமியுலேட்டரை இலவசமாக வைத்திருக்கிறது, பைதனில் எழுதியது. சொந்தத் தரவை அதில் ஓடவிட்டு, இரண்டு விமானத்தைத் திருப்பிப் பார்த்தால் கொன்ட்ரோலரின் தலைவலி என்னவென்று பிள்ளைக்கே விளங்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் காட்டினால் எங்கள் பேராசிரியர் மாதிரி ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஸ்ட்ரிப் அக்கா

தம்பி நல்ல யோசனை, ஆனால் ஒரு தண்ணீர்த் துளி தெளிக்கிறேன். நம் நாட்டில் மலை உச்சியில் அன்டெனா கட்டினால் முதலில் வருவது பொலிஸ், அதுவும் தமிழ்ப் பிள்ளைகள் என்றால் கேள்வி கூடும். வானொலிக் கருவிக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. பாடசாலைக் கடிதத் தலைப்பில், அதிபரின் கையொப்பத்தோடு எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிதுருதலாகலைப் பக்கம் போய் ராடரைப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அது பாதுகாப்பு வலயம்.

லிந்துலை மகள்

வணக்கம். சேர் சொன்ன பின்வரிசைப் பிள்ளை நான்தான். அக்காவின் போனில் எழுதுகிறேன். எனக்கு உயர்தரத்தில் வரும் இசட் புள்ளி பற்றிப் பயம் இல்லை, ஆங்கிலம்தான் பயம். வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நான்காம் நிலை என்றால் எவ்வளவு?

ஸ்ட்ரிப் அக்கா

தங்கச்சி, என் வீட்டிலும் யாரும் பேசியதில்லை. கோபுரத்து ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் இல்லை. பாதிக்கு மேல் குறித்துவைத்த சொற்றொடர்கள்தான், அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். சோதனை எங்கே என்றால், குறித்துவைக்காத ஒன்று நடக்கும்போது. விமானி "பயணி ஒருவருக்கு மாரடைப்பு, பக்கத்தில் எங்கே இறங்கலாம்" என்று ஒரு கொரியா உச்சரிப்பில் அவசரமாகச் சொல்வார். அதை விளங்கி, விளங்காவிட்டால் வெட்கப்படாமல் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டு, சுருக்கமாகப் பதில் சொல்லவேண்டும். நான்காம் நிலை கேட்பது அதைத்தான். உச்சரிப்பு வெள்ளைக்காரன் மாதிரி இருக்கவேண்டியதில்லை, விளங்கினால் போதும். இணையத்தில் வட்சிம் என்று ஒன்று இருக்கிறது, விளையாட்டு விமானிகளும் விளையாட்டு கொன்ட்ரோலர்களும் உண்மையான சொற்றொடரில் பேசிக்கொள்வார்கள், முதலில் சும்மா கேள். தினமும் அரை மணி நேரம். டேட்டா முடிந்தால் எனக்கு எழுது.

பழைய ஸ்டேஷன், நானுஓயா

மகள், விளங்காவிட்டால் திரும்பக் கேள் என்று அக்கா சொன்னதை மறக்காதே. நாங்கள் டெப்லட்டை வாங்கியதும் அதில் எழுதியிருக்கும் ஸ்டேஷன் பெயரை ட்ரைவரும் ஒரு முறை வாசிப்பார். கொடுத்தவன் நல்லவன் என்பதற்காக வாசிக்காமல் வைத்துக்கொள்வதில்லை.

கணக்கு சேர், கொட்டகலை

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும், தவணைப் பரீட்சை. கடிதம் எழுதினோம், பதில் வர ஐந்து கிழமை, வாங்கி வர இன்னும் இரண்டு. ஹப்புத்தளையில் என்னோடு படித்த ஆசிரியர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் போன சனிக்கிழமை அன்டெனாவைக் கட்டினோம். எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், காலைக் கோச்சியில். மதியம் வரைக்கும் ஒரே பனி, எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. திரையில் மட்டும் விமானங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தெற்கே கடலுக்கு மேலே ஒன்று, 300 கிலோமீற்றர் தாண்டி. வடக்குப் பக்கம் நாங்கள் நினைத்ததைவிட மோசம், மலை ஒரு பெரிய ஆப்பு மாதிரி வெட்டிவிட்டது. அந்த ஆப்பின் கோணத்தை அளந்து வரச்சொல்லி வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன்.

லிந்துலை மகள் ஒரே உயரத்தில் போன இரண்டு விமானத்துக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள், கடைசிக் கோச்சிக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.

மூடுபனி தம்பி, இரண்டு கேள்வி. மழைக்கு அன்டெனா இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது, டேப் சுற்றினால் போதுமா, வேறு ஏதாவது பூசவேண்டுமா? மற்றது இடி. ஏப்ரல் மாதம் அங்கே பின்னேரம் ஆனால் இடிதான், அந்த வீட்டு அம்மா இப்போதே பயப்படுகிறார்.